நூற்றிருபது டாலர் ஹெட்செட்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்குக் காசு எதிலெல்லாம் கரையும் என்று முதலிலேயே யாரும் முழுதாகச் சொல்வதில்லை. விமானத்துக்கு மணிக்கு இவ்வளவு வாடகை, பயிற்சியாளருக்கு மணிக்கு இவ்வளவு சம்பளம் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் வரைபடங்கள், பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு, மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அந்த வரிசையில் நான் மிக அதிகமாக யோசித்து வாங்கிய பொருள் ஹெட்செட். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது.

ரீட்-ஹில்வியூ, ஊரின் கிழக்குப் பக்கம் குடியிருப்புகளுக்கும் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கும் நடுவில் இருக்கும் சிறிய நிலையம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுதளங்கள், ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம். கிழக்கே ஹாமில்டன் மலையும் அதன் உச்சியில் லிக் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரைகளும் தெரியும். சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சி விமானங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கோபுரத்தில் இருப்பவர் மூச்சு விடாமல் பேசுவார். யாருக்கு 31 இடது ஓடுதளம், யாருக்கு 31 வலது, யார் யாருக்குப் பின்னால் இறங்க வேண்டும், யார் ஓடுதளத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்று எல்லாம் அந்த ஒரே குரலில் வரும். அதில் நம் விமானத்தின் எண்ணைப் பிடித்து, சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே நில் என்ற உத்தரவை நாம் திருப்பிச் சொல்லும்வரை கட்டுப்பாட்டாளர் விடமாட்டார். விடவும் கூடாது.

தொடக்கத்தில், நான் கற்றுக்கொண்ட பறக்கும் கிளப்பின் பொது ஹெட்செட்டைத்தான் மாட்டிக்கொண்டேன். அலுவலகச் சுவரில் கொக்கி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பல பேருடைய வியர்வை ஊறி, காது மெத்தைகள் இறுகி வெடித்திருந்தன. மெத்தை கன்னத்தோடு ஒட்டாத இடத்தில் இரைச்சல் உள்ளே புகுந்தது. மைக் தண்டு வைத்த இடத்தில் நிற்காமல் மோவாய்க்கு இறங்கியது. என் குரல் தேய்ந்துபோய்க் கோபுரத்துக்குச் சேர்ந்தது. "திரும்பச் சொல்லுங்கள்" என்று அடிக்கடி கேட்டார்கள். ஒரு மணி நேரம் பறந்துவிட்டுக் காரில் வீட்டுக்குப் போகும்போது காதுக்குள் மெல்லிய ரீங்காரம் கேட்கும். சில நாட்களில் இரவு படுக்கும்வரை அது அடங்காது.

அந்த ரீங்காரம்தான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது. செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தின் உள்ளே இரைச்சல் தொண்ணூறு டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். வேலை செய்யும் இடத்தில் 85 டெசிபல் இரைச்சலை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்றே ஒன்று. ஒரு பயிற்சி வகுப்பின் நீளமும் கிட்டத்தட்ட அதே ஒரு மணி நேரம்தான். இரைச்சல் 94ஐத் தொட்டால், வெறும் காதோடு பறப்பவர் ஒரே வகுப்பில் அன்றைய நாளின் பங்கு முழுவதையும் செலவழித்துவிடுவார்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. விமானம் சீராகப் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது, வினாடிக்கு நாற்பது. புரொப்பெல்லருக்கு இரண்டு இலைகள் என்பதால் வினாடிக்கு எண்பது முறை காற்றை அறைகிறது. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்; ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு வீதம் அதுவும் வினாடிக்கு எண்பது. இரண்டும் சேர்ந்து எண்பது ஹெர்ட்ஸில் ஓர் அடித்தொண்டை உறுமலாக நம் மேல் விழுகின்றன. காதை மூடும் கிண்ணம் எவ்வளவு கனமாக இருந்தாலும் இப்படிப்பட்ட தாழ்ந்த ஒலியை முழுதாகத் தடுக்காது. காற்றின் சீறல், உலோகத் தகடுகளின் அதிர்வு போன்ற உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கும். ஹெட்செட்டுகளில் இரண்டு வகை இருப்பதன் காரணம் இங்கே இருக்கிறது. கிண்ணமும் மெத்தையும் மட்டும் கொண்டு ஒலியை மறிப்பது சாதாரண வகை. கிண்ணத்துக்குள் இன்னொரு சிறு மைக்கை வைத்து, உள்ளே புகுந்த இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதை அழிப்பது ஏ.என்.ஆர். என்று பைலட்டுகள் சொல்லும் வகை. தாழ்ந்த உறுமலை அடக்குவதில் இந்த இரண்டாம் வகைதான் வல்லது.

இந்த இரண்டாம் வகைக்குப் பின்னால் இருந்தவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து ஆங்கிலேயர் பிடிக்குத் தப்பி அமெரிக்கா வந்த ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன், எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்க முடியாமல் இரைச்சல் குறுக்கிட்டது. இரைச்சலைக் கொண்டே இரைச்சலை அழிக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே எழுதத் தொடங்கினார். 1986இல் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தபோது, அவர்கள் காதைக் காக்கச் சென்றவை அவருடைய போஸ் நிறுவனத்தின் மாதிரி ஹெட்செட்டுகள். 1989இல் அது கடைக்கு வந்தது. ஒரு மனிதர் ஒரு விமானப் பயணத்தில் பட்ட எரிச்சல், பின்னால் எத்தனையோ விமானிகளின் செவியைக் காப்பாற்றியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வு வரும்.

நன்றி இருந்தாலும் வாங்கப் பணம் வேண்டும். நான் கற்றுக்கொண்ட நாட்களில் போஸ் ஏ20 ஹெட்செட்டின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. விமான வாடகையும் பயிற்சியாளர் சம்பளமும் சேர்ந்து மணிக்கு இருநூறு டாலர். ஆக, அந்த ஹெட்செட்டின் விலை ஐந்து மணி நேரப் பறத்தல். தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டப்படி குறைந்தது நாற்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அறுபது, எழுபது மணி நேரம் ஆகிவிடுகிறது. வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சியதில் பறந்துகொண்டிருந்த எனக்கு அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. கையில் விமானம் படிய வேண்டுமானால் பறந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரம் இடைவெளி விட்டால் தரையிறங்கும் கை தடுமாறும். சாதாரண வகை ஹெட்செட்டில் நல்லது புதிதாக வாங்கினால் முந்நூறு டாலருக்கு மேல். எனவே பழையது ஒன்றைத் தேடுவதென்று முடிவு செய்தேன்.

என் பயிற்சியாளர் நடுவயதைத் தாண்டிய பெண்மணி. விமானப் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்கு வந்தவர். பழையது வாங்கப் போகிறேன் என்றதும் முகம் மலர்ந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: எதையும் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது, கிளம்புமுன் விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்கும் அதே ஒழுங்கில் ஹெட்செட்டையும் சோதிக்க வேண்டும். ஒரு நாள் மழையால் பறக்க முடியாமல் போனபோது கிளப்பின் மேசையில் நான்கைந்து பழைய ஹெட்செட்டுகளைப் பரப்பி எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் பிளக். சிறு விமானங்களில் இரண்டு ஜாக்குகள் இருக்கும். பெரியது, கால் அங்குல விட்டம், கேட்பதற்கு. சற்றே ஒல்லியானது பேசுவதற்கு. இரண்டும் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. ஹெலிகாப்டர் ஹெட்செட்டில் இரண்டையும் ஒன்றாக்கிய ஒற்றைப் பிளக் இருக்கும். அதை வாங்கினால் அடாப்டர் தேவைப்படும். ராணுவத்திலிருந்து கழித்துக்கட்டியவற்றில் வேறொரு சிக்கலும் உண்டு. அவற்றின் மின் எதிர்ப்பு மிகக் குறைவு; மைக்கும் வேறு வகை. நம் விமானத்தின் ரேடியோவோடு இணைத்தால் சத்தம் சரியாக வராது, நம் குரலும் சரியாகப் போகாது. சிறு விமானங்களுக்கானவை 150 அல்லது 300 ஓம் அளவில் இருக்கும். விமானிகள் கூடும் பழம்பொருள் சந்தைகளில் ராணுவ ஹெட்செட்டுகள் முப்பது, நாற்பது டாலருக்குக் கிடைக்கும். பார்க்க முரட்டு உறுதியாகவும் இருக்கும். இந்தப் பாடம் முன்கூட்டியே கிடைத்ததால் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

அடுத்தது வயர். கிண்ணத்துக்குள் நுழையும் இடமும் பிளக்கோடு சேரும் இடமும்தான் முதலில் போகும். அந்த இரண்டு இடங்களிலும் வயரை மெதுவாக வளைத்துக்கொண்டே கேட்க வேண்டும். கரகரவென்ற சத்தம் வந்தால் உள்ளே இழை அறுந்துகொண்டிருக்கிறது. பின்பு மைக் தண்டு: எங்கே நிறுத்துகிறோமோ அங்கே நிற்க வேண்டும். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது ஒரு காதில் ஒலி விட்டுவிட்டு வரக் கூடாது. பேட்டரியில் ஓடும் ஏ.என்.ஆர். வகையானால் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய பேட்டரி கசிந்து உலோகத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அதைத் தொடவே கூடாது. கடைசியாக அவர் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது: மெத்தை கிழிந்திருக்கிறது, மைக்கின் பஞ்சு உறை இல்லை, தலைக்கு மேல் வரும் திண்டு நசுங்கியிருக்கிறது என்பதெல்லாம் குறையே இல்லை. அவற்றைக் கடையில் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். விற்பவருக்கு அது குறையாகத் தோன்றும்; விலை இறங்கும்; வாங்குபவருக்கு லாபம். என் அம்மா மதுரையில் மண்பானை வாங்கும்போது மேலே படிந்த தூசியைப் பொருட்படுத்தாமல் விரலால் தட்டி ஓசையைக் கேட்டுத்தான் எடுப்பாள். அந்த மழைநாளில் நான் கற்றதும் அதே வித்தைதான்.

பிறகு தேடல் தொடங்கியது. விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்திய சீட்டுகளை ஒவ்வொரு வாரமும் படித்தேன். சான் மார்ட்டினிலும் ஹாலிஸ்டரிலும் இறங்கும்போதெல்லாம் அங்கிருந்த பலகைகளையும் பார்த்தேன். நூறு டாலருக்கு ஒரு ஏ.என்.ஆர். வந்தது; பேட்டரிப் பெட்டி கெட்டிருந்தது. எண்பது டாலருக்கு வந்த மற்றொன்றில் வயரை வளைத்ததும் இடது காது செத்துப்போனது. அடிமட்ட விலைக்குப் பளபளவென்று புத்தம் புதிதாக ஒன்றைக் காட்டிய இளைஞரிடம், அதன் வரிசை எண் இருந்த இடம் சுரண்டப்பட்டிருப்பதைப் பார்த்ததும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். விமானத்துக்குள் விட்டுப்போன ஹெட்செட்டைத் திருடி விற்பது இந்த உலகத்தில் நடக்கிற காரியம். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த எண் தெளிவாக இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இப்படி இருக்கையில்தான் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தேன். பெரிய எழுத்தில், நடுங்கிய கையால் எழுதியது. டேவிட் கிளார்க் எச்10-13.4, விலை நூற்றிருபது டாலர், நேரில் வந்து பார்க்கலாம் என்று இருந்தது.

டேவிட் கிளார்க்கின் பச்சை நிறக் கிண்ணங்களை உலகின் எந்தச் சிறு விமான நிலையத்திலும் பார்க்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்து நிறுவனம் அது. ஜெமினி விண்கலத்தில் சென்றவர்கள் அணிந்த விண்வெளி உடையும், விண்வெளி ஓடத்தில் சென்றவர்கள் புறப்படும்போது அணிந்த ஆரஞ்சு உடையும் அவர்கள் தைத்தவை. அவர்களுடைய இந்தச் சாதாரண வகை ஹெட்செட்டுக்கு 23 டெசிபல் தடுப்பு என்று மதிப்பீடு. கனம் அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். பேட்டரி கிடையாது. திருகாணியால் இணைத்த பாகங்கள் என்பதால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். பல வருடங்கள் கழித்தும் உதிரிகள் கிடைக்கும்.

விற்க வந்தவர் எண்பதை நெருங்கிய பெரியவர். ரீட்-ஹில்வியூவின் வேலிக்கு அருகே காரை நிறுத்திவிட்டு ஹெட்செட்டைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். நான் பேசியது அவருக்குச் சட்டென்று எட்டவில்லை. இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டியிருந்தார். என் முகத்தை, குறிப்பாக என் வாயை, பார்த்துக்கொண்டேதான் கேட்டார். கிளப்பின் விமானம் ஒன்று வெளியே சும்மா நின்றது. அனுமதி வாங்கி இருவரும் ஏறி உட்கார்ந்தோம். ரேடியோவை இயக்கி, வானிலையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பதிவுக் குரலை வைத்தேன். வயரை இரண்டு முனையிலும் வளைத்தேன். குமிழை முழுதும் திருகினேன். மைக் தண்டை மேலும் கீழும் ஆட்டி நிறுத்தினேன். எல்லாம் சரியாக இருந்தது. மெத்தைதான் கல்லாக இறுகியிருந்தது. அவர் வலது இருக்கையில் உட்கார்ந்து மீட்டர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பறக்கத் தொடங்கியது அறுபதுகளில். அன்று ஹெட்செட் என்பது சிறு விமானங்களில் வழக்கமே இல்லை என்றார். கையில் பிடிக்கும் மைக். தலைக்கு மேல் ஒரு ஸ்பீக்கர். எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஸ்பீக்கரை அலறவிடுவார்களாம். காதை மூடிக்கொள்வது பயந்தவர்கள் செய்கிற வேலை என்ற எண்ணம் கூட இருந்ததாம். இந்த ஹெட்செட்டை அவர் வாங்கியபோது பறக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "இது என்னிடம் இருந்ததைக் காப்பாற்றியது. அதற்கு முன்பே போனதை இதனால் திருப்பித் தர முடியவில்லை" என்றார். பேரப்பிள்ளைகள் பேசுவது புரியவில்லை, குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை என்றார்.

அந்தப் பேச்சின் பொருள் எனக்குப் பின்னால் படித்தபோது இன்னும் விளங்கியது. உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள்தான் ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன. பெரும் இரைச்சல் அவற்றை அழிக்கிறது. மனிதரிடம் அவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் இழப்பு பெரும்பாலும் நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. ச, ஃப போன்ற மெல்லிய மெய்யொலிகளின் அடையாளம் அந்த உயர்ந்த பகுதிகளில்தான் இருக்கிறது. எனவே குரல் கேட்கும், சொல் கலங்கும். குழந்தைகளின் மெல்லிய குரலில் அது முதலில் தெரியும். விமானியின் மருத்துவச் சோதனையிலும் இதை எளிதில் பிடிக்க முடியாது. தனியார் விமானிக்கான சோதனையில், அமைதியான அறையில் ஆறடி தூரத்தில் மருத்துவருக்கு முதுகைக் காட்டி நின்று அவர் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்டால் போதும். காது ஓரளவு கெட்ட பிறகும் அதில் தேறிவிடலாம். ஆகவே நம் காதை நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நூற்றிருபது டாலரை எண்ணிக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அவர் பையையும் சேர்த்தே கொடுத்தார். ஒன்றே ஒன்று சொன்னார்: கொஞ்ச தூரம்தானே என்று ஒரு தடவைகூட இது இல்லாமல் எஞ்சினைக் கிளப்பாதே.

ஜெல் அடைத்த புது மெத்தைகள், மைக் உறை, தலைத்திண்டு மூன்றையும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து அறுபது டாலருக்குள் முடிந்தது. பழைய மெத்தையை உரித்து, கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, புதியதைப் பள்ளத்தில் பொருத்த அரைமணி நேரம் ஆனது. பிளக்குகளில் படிந்த கறுப்பை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். மைக் உதட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினேன். கால் அங்குலம், உதட்டின் ஓரத்தை ஏறக்குறைய உரசும். அவ்வளவு நெருக்கமாக வைத்தால்தான் மைக் நம் குரலை எடுத்து எஞ்சின் இரைச்சலைத் தள்ளும். நான் கண்ணாடி அணிபவன். கண்ணாடியின் தடித்த கால் மெத்தையைத் தூக்கி இடைவெளி உண்டாக்கிவிடும் என்பதால், பறப்பதற்கென்று மெல்லிய கம்பிக்கால் கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

அதை மாட்டிக்கொண்டு முதன்முதல் கிளம்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எஞ்சினின் உறுமல் போய்விடவில்லை. அது கீழே, தூரத்தில் இருந்தது. கோபுரத்துக் குரல் அதற்கு மேலே தனியாக, எழுத்தெழுத்தாக வந்தது. 31 வலது என்றதில் சந்தேகமே இல்லை. முன்னால் போகும் விமானத்துக்குச் சொன்னது, பின்னால் வருபவருக்குச் சொன்னது எல்லாம் கேட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற படம் மனத்தில் தானாக உருவானது. அதுவரை என் விமானத்தின் எண் வருகிறதா என்று மட்டுமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அன்றுதான் வானத்தில் மற்றவர்களும் இருப்பது புலப்பட்டது. தரையிறங்குவதும் சீரானது. கேட்பதில் செலவான கவனமெல்லாம் கைக்குத் திரும்பி வந்திருந்தது. காரில் வீட்டுக்குப் போகும்போது ரீங்காரம் இல்லை.

தெளிவாகக் கேட்பது சுகத்துக்கான விஷயம் மட்டும் என்று யாராவது நினைத்தால் 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் நடந்ததைப் படிக்க வேண்டும். பனிமூட்டத்தில் ஓடுதளத்திலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்று ஒரு விமானம் சொன்னதும், புறப்படக் காத்திரு என்று கோபுரம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதி, மற்ற விமானத்தின் விமானி அறையில் வெறும் கீச்சொலியாகக் கேட்டன. அது ஹெட்செட்டின் குறையால் நடந்ததல்ல, காரணங்கள் பல. ஆனால் சில வினாடிகளில் சொல்லப்பட்ட சில சொற்கள் காதுக்கு வந்து சேராததன் விலை அது. அதற்குப் பிறகுதான் ரேடியோவில் எந்தச் சொல்லை எப்போது சொல்லலாம் என்ற கட்டுப்பாடு இறுகியது. எந்த விதியும் காதில் விழும் சொல்லுக்குத்தான் உதவும்.

உரிமம் வாங்கிய பிறகு அம்மா மதுரையிலிருந்து வந்தாள். அவளுக்காக இன்னொரு பழைய ஹெட்செட் வாங்கினேன். அதே சோதனை, அதே மெத்தை மாற்றல். வலது இருக்கையில் உட்காரவைத்து மாட்டிவிட்டதும், "என்னடா இது, காதைப் புடிச்சு நெரிக்குது" என்றாள்.

"கொஞ்சம் இரும்மா, தளர்த்தி விடுறேன்."

"தோட்டுத் திருகாணி குத்துதுடா."

தோட்டைக் கழற்ற அவள் சம்மதிக்கவில்லை. பட்டையை இரண்டு பக்கமும் இழுத்து நீட்டி, கிண்ணத்தைச் சற்றே கீழே இறக்கி வைத்தேன். புது மெத்தை திருகாணியைச் சுற்றி அமுங்கிக்கொண்டது. "இப்ப பரவால்ல" என்றாள். அடுத்த சிக்கல் அவளுடைய குரல். விமானத்துக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காம், குரல் ஒரு அளவுக்கு மேல் உயர்ந்தால்தான் திறக்கும். அம்மா மெதுவாகப் பேசுபவள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் சொல் விழுந்துவிட்டது. இன்டர்காமின் குமிழை அவள் குரலுக்கு ஏற்பத் திருகி வைத்து, மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தியதும் அவள் குரல் முழுதாக என் இரண்டு காதிலும் வந்தது. புறப்படும்போதும் இறங்கும்போதும் பேசக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன். மலைத்தொடரைத் தாண்டி வாட்சன்வில் பக்கம் கடல் தெரிந்தபோது அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சாவகாசமாகப் பதில் சொன்னேன். இறங்கிய பிறகு மாமாவுக்குப் போன் போட்டு அவள் முதலில் சொன்னது: "ஏரோப்ளேன்ல போறப்ப அவனும் நானும் வீட்டுத் திண்ணையில பேசுற மாதிரி பேசிட்டு வந்தோம்."

சில வருடங்கள் கழித்து நீண்ட தூரம் பறக்கத் தொடங்கியபோது ஏ.என்.ஆர். ஒன்றும் வாங்கினேன். அதுவும் பழையதுதான். மூன்று மணி நேரம் பறந்து இறங்கும்போது உடம்பில் களைப்பு குறைவாக இருக்கிறது. எண்பது ஹெர்ட்ஸ் உறுமல் அடங்குவதால் வரும் நன்மை அது. அதற்கும் அதே விதிகளைக் கடைப்பிடித்தேன். கூடுதலாக இரண்டு: அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் இன்னும் பழுதுபார்த்துத் தருகிறாரா என்று வாங்குமுன் கேட்டுக்கொண்டேன், இரண்டு காதிலும் இரைச்சல் அடங்குகிறதா என்று எஞ்சின் ஓடும்போது சோதித்தேன். நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் அது தெரியாது. பச்சைக் கிண்ண ஹெட்செட்டை விற்கவில்லை. எந்தப் பயணத்திலும் பின் இருக்கையில் அது இருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் கெட்டாலும் எடுத்து மாட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

பறக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் என்னிடம் எந்த ஹெட்செட் வாங்குவது என்று கேட்கிறார்கள். என் பதில் மாறவில்லை. மாணவராக இருக்கும்வரை உறுதியான, உதிரி கிடைக்கிற, பேட்டரி இல்லாத பழைய ஹெட்செட் ஒன்றை நேரில் பார்த்துச் சோதித்து வாங்குங்கள். மெத்தையைப் புதிதாக மாற்றுங்கள். அது போதாது என்று தோன்றினால் உள்ளே பஞ்சுக் காதடைப்பான் வைத்துக்கொண்டு ஒலியளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலிவான, நல்ல பாதுகாப்பு அது. மிச்சமாகும் பணத்தில் பறந்துவிடுங்கள். வசதி வந்த பிறகு ஏ.என்.ஆர். வாங்கலாம். விமானத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஹெட்செட்டையும் மாற்றலாம். கடவுள் கொடுத்த இரண்டு காதுக்கு உதிரி கிடையாது. எஞ்சினைக் கிளப்புமுன் அவற்றை மூடுங்கள்.